இரண்டாவது லேயர்

ஜனவரி 6, செவ்வாய்

பிபி நூற்றைம்பதுக்கு நூறு. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "கோபம் வந்தா கத்தாதீங்கம்மா, ஒரு நோட்டுல எழுதி வைங்க" என்றார். நாற்பத்து நாலு வயதில் எனக்கு ஹோம்வொர்க். வீட்டுக்கு வரும் வழியிலேயே மோகன் ஒரு டைரி வாங்கிக் கையில் திணித்துவிட்டார். பெண்டாட்டி கத்துவது குறையும் என்றால் மனுஷனுக்கு என்ன சுறுசுறுப்பு!

சரி, எழுதுகிறேன். பெயர் யசோதா. பீளமேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக சர்க்யூட் போர்டு வரைகிறேன். டிசைன் பிரிவில் நாலு பேர், நான்தான் லீட். இப்போது கையில் இருப்பது, பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் கருவி. குழந்தையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் பட்டை ஒட்டி, காதுக்குள் மெல்ல ஒரு 'டிக்' கொடுத்தால், மூளை பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் அவ்வளவு மெலிசு. போர்டு கொஞ்சம் இரைந்தாலும் அமுங்கிப்போகும். போர்டு நன்றாக வந்திருக்கிறது. என்னைத் தவிர யாரும் அதைச் சொல்லவில்லை, அதனால் நானே எழுதிக்கொள்கிறேன்.

ஜனவரி 21, புதன்

போர்டின் கோப்புகளையும் கூடவே லேயர் வரிசைப் படத்தையும் அனுப்பி இரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் ஏழு கேள்வி. போர்டு அடித்துக் கொடுப்பது குறிச்சியில் வெள்ளியங்கிரி அண்ணனின் யூனிட். அங்கே வருகிற கோப்புகளைச் சரிபார்க்கிறவள் சாந்தாமணி. ஆளைப் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். மெயிலுக்கு நான் பதில் போடவில்லையாம், போனில் பிடித்துவிட்டாள்.

நான் மிக்ஸி ரிப்பேர் கடையில் நிற்கிறேன். கடைக்காரன் ஒரு காதில் ஜாரையே மாற்ற வேண்டும் என்கிறான். இவள் இன்னொரு காதில், "மேடம், லேயர் வரிசை கோப்புல ஒரு மாதிரி, படத்துல ஒரு மாதிரி இருக்குதுங்க. எதை வெச்சு ஓட்டறதுங்க?" என்கிறாள். "படத்துல இருக்கற மாதிரியே ஓட்டும்மா. எதுக்கெடுத்தாலும் நொய் நொய்னு கேட்டா மனுஷி வேலை பார்க்க வேண்டாமா?" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எழுதியாயிற்று. கோபம் குறைந்த மாதிரி தெரியவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

போர்டுகள் வந்தன. மீட்டர் வைத்துப் பார்த்தோம், எல்லா இணைப்பும் சரி. மாலைக்குள் கருவி ஓடியது. எங்கள் நாலு பேரில் ஒருவரான இர்ஃபான் தன் நெற்றியிலேயே பட்டையை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் அவர் மூளை பதில் சொன்னது. "உனக்கு மூளை இருக்குன்னு இன்னைக்குத்தான்யா ஆதாரம் கிடைச்சுது" என்றேன். எல்லாரும் சிரித்தோம். மேனேஜர் தாமோதரன் சார் ஜிலேபி வாங்கிவரச் சொன்னார்.

மார்ச் 3, செவ்வாய், சென்னை

தோற்றுவிட்டது.

இங்கே சோதனைக்கூடத்தில் கருவியை மூடிய அறையில் வைத்து, அது எவ்வளவு ரேடியோ இரைச்சல் வெளியே விடுகிறது என்று அளப்பார்கள். திரையில் ஒரு சிவப்புக் கோடு, அதற்குக் கீழே இருந்தால் பாஸ். எங்கள் கருவி மூன்று இடத்தில் கோட்டைத் தாண்டி நின்றது. கொஞ்சநஞ்சமில்லை, பதினொரு டெசிபல்.

மறுசோதனைக்கு அடுத்த தேதி 24. அதை விட்டால் ஜூன்தான். மதுரையில் கருவியைக் குழந்தைகளுக்கு வைத்துப் பார்க்க ஒப்புக்கொண்ட மருத்துவமனை ஜூன் வரை காத்திருக்காது. திரும்பும் ரயிலில் தாமோதரன் சார் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "இதுவும் போச்சுன்னா டிசைன் பிரிவை மூடிட்டு வெளியில குடுத்துரலாம்னு பார்ட்னருங்க சொல்றாங்கம்மா." எங்கள் நாலு பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

இருபத்தொரு நாள். என் போர்டு அப்படி இரையாது. எங்கே என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

மார்ச் 4

இரைச்சலை அடைக்கக் கருவிக்கு இரும்புத் தகடு சுற்றிப் பார்த்தோம். ஒரு பிரயோஜனமும் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

கிடைத்துவிட்டது!

என் போர்டில் செம்பு நாலு அடுக்கு. முதல் லேயரில் சிக்னல்கள் ஓடும் கம்பிகள். அதற்கு நேர் கீழே இரண்டாவது லேயர் முழுக்க ஒரே கிரவுண்ட் தகடு. மூன்றாவது பவர் லேயர், மூன்று துண்டாக வெட்டியது. நாலாவதில் மறுபடி கம்பிகள். மேலே போகிற ஒவ்வொரு சிக்னலும் எங்காவது திரும்பி வந்தாக வேண்டும். நேர் கீழே கிரவுண்ட் இருந்தால் போன வழியின் காலடியிலேயே திரும்பிவிடும், வெளியே மூச்சு வராது. கீழே தகடு வெட்டுப்பட்டிருந்தால் அது ஊர் சுற்றித்தான் வர வேண்டும். அப்படிச் சுற்றுவதுதான் இரைச்சல்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கிரவுண்டை இரண்டாவதாக வைத்தேன். ஆனால் போர்டுக்கு உள்ளே யார் பார்த்தார்கள்? ஒரு பழுதான போர்டை எடுத்துக்கொண்டு வாஷ்பேசினுக்குப் போனேன். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மேல் லேயரைத் தேய்த்தேன். முக்கால் மணி நேரம். விரல் நுனித் தோல் போயிற்று. பச்சைப் பூச்சு போய், செம்பு போய், அதன் கீழ்ப் பலகை போய், அடுத்த செம்பு பளபளவென்று வந்தது. அதன் நடுவில் ஒரு கோடு. வெட்டுக் கோடு!

இரண்டாவது இடத்தில் பவர் உட்கார்ந்திருக்கிறது. கிரவுண்ட் மூன்றாவதாகப் போய்விட்டது. துளைகள் வழியாக எல்லாம் சேர்ந்துவிடுவதால் மீட்டரில் எல்லாம் சரியாகவே காட்டும், கருவியும் ஓடும். இர்ஃபான் போர்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அடப்பாவிங்களா, மாத்தி அடுக்கிட்டாங்க" என்றார்.

இரண்டு நாளுக்கு அப்புறம் இன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மார்ச் 7, சனி

வெள்ளியங்கிரி அண்ணனுக்குப் போன் போட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டேன். பாவம், மனுஷன் நல்லவர். எல்லா வேலையையும் ஓரம்கட்டிவிட்டு எங்கள் போர்டை மறுபடி அடித்து 19ஆம் தேதி தருவதாகச் சொன்னார்.

அரை மணி கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். "ஏனுங்க மேடம், தப்பா நெனைக்காதீங்க. படத்துல இருக்கற மாதிரி போடச் சொன்னது நீங்கதான்னு சாந்தாமணி சொல்லுதுங்க. போன்ல சொன்னீங்களாமா?"

"நான் ஏண்ணா அப்படிச் சொல்றேன்? கிரவுண்டை எங்கே வைக்கணும்னு எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"அதானுங்களே," என்றார்.

அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை.

மார்ச் 9, திங்கள்

ஜனவரியில் அனுப்பிய கோப்புகளை இர்ஃபான் திறந்து பார்த்திருக்கிறார். கூடப் போன படம் போன வருஷ மாடலுடையது. அதில் பவர்தான் இரண்டாவது. அந்த மாடல் மெதுவாக ஓடும் சிப், எப்படி வைத்தாலும் ஒன்றுதான். பழைய படம் எப்படிச் சேர்ந்தது என்று தெரியவில்லை. கோப்புகளை அனுப்புவது நான்தான், ஆனாலும் அவசரத்தில் என்னென்னவோ நடக்கிறது.

படம் பழசாக இருந்தால் மட்டும் என்ன? கோப்பில் வரிசை சரியாகத்தானே இருந்தது? சந்தேகம் வந்தால் எழுத்தில் பதில் வாங்க வேண்டும் என்பது அவர்கள் யூனிட்டின் விதி. அதை மீறி ஓட்டியது யார்?

சாயங்காலம் அண்ணன் யூனிட்டிலிருந்து ஒருவர் போன் செய்தார். சாந்தாமணியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். தப்பு செய்ததற்கு இல்லை, மேடம் மேலேயே பொய்யாகப் பழி போட்டதற்காம்.

ராத்திரி சப்பாத்தி போடும்போது மோகனிடம் சொன்னேன். "நீ நிஜமா சொல்லலையா?" என்று கேட்டார். சப்பாத்திக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

மார்ச் 10

மாவு புளித்துவிட்டது. எழுத வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 11, புதன்

ஐந்து நாளாக இந்த டைரியின் முன்பக்கங்களைத் திருப்பவில்லை. இன்றைக்குத் திருப்பினேன். ஜனவரி 21. என் கையெழுத்து. அவள் கேட்டதும் நான் சொன்னதும் வரிக்கு வரி இருக்கிறது.

பொய் என்னத்துக்கு? திருப்புவதற்கு முன்னாலேயே தெரியும். 7ஆம் தேதி அண்ணன் கேட்டபோதே, மிக்ஸி கடையின் எண்ணெய் வாசம் வரை ஞாபகம் வந்துவிட்டது. ஞாபகம் வந்த பிறகுதான் "நான் ஏண்ணா அப்படிச் சொல்றேன்" என்றேன். இதைத்தான் இத்தனை நாளும் எழுதவில்லை.

ஒருத்தியின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

தாமோதரன் சாரிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"சொல்ல வேண்டாம்னு சொல்லலைம்மா. இருபத்து நாலு கழிஞ்சு சொல்லுங்க. அவங்க தப்புன்னு நினைச்சுத்தான் எல்லாத்தையும் நிறுத்திட்டு நம்ம போர்டை ஓட்டறாங்க. இப்ப போய்ச் சொன்னா வரிசையில கடைசிக்குத் தள்ளிடுவாங்க."

"அதுவரைக்கும் அந்தப் பொண்ணு வீட்ல உட்காரணுமா சார்?"

"நம்ம நாலு பேர் ஜூன்லேருந்து வீட்ல உட்காரட்டுமா?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். இர்ஃபானுக்குப் போன மாதம்தான் வீட்டுக் கடன் பாஸானது. பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாரும் பிழைப்போம். ஆனால் பன்னிரண்டு நாள் கழித்து எனக்கு வாய் திறக்குமா? என்னை எனக்குத் தெரியும். பாஸான சந்தோஷத்தில் அப்படியே விழுங்கிவிடுவேன்.

மத்தியானம் அரை நாள் லீவு எழுதிவைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குறிச்சிக்குப் போனேன்.

வெள்ளியங்கிரி அண்ணன் மோர் கொடுத்தார். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கு நானே உங்களக் கேட்டனல்லங்க மேடம்?"

"கேட்டீங்கண்ணா."

"இல்லைன்னீங்க."

"இல்லைன்னுதான் சொன்னேன்."

"அந்தப் புள்ள பதினோரு வருசமா எங்கிட்ட இருந்துச்சுங்க. உங்க பேச்ச நம்பி அதும் பேச்ச நம்பாம அனுப்பிப்போட்டேன். நானும் சேந்துதான் தப்புப் பண்ணியிருக்கேன்." கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டினார். "உங்க போர்ட நிறுத்த மாட்டனுங்க. கொழந்தைங்களுக்குன்னு செய்யறது. ஆனா உங்க கோப்பப் பாக்கறதுக்கு இங்க வேற ஆளு இல்லீங்க. நீங்களே போய் அதக் கூப்புடுங்க. நான் கூப்புட்டா வராது."

சாந்தாமணி இப்போது எந்த பேக்கரியில் வேலை பார்க்கிறாள் என்று கேட்டுக்கொண்டு, மோரை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மார்ச் 13, வெள்ளி

சுந்தராபுரத்தில் ஒரு பேக்கரி. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் மூன்று பெண்கள் நின்றார்கள். யார் என்று எப்படித் தெரியும்? "தேங்காபன் இப்பத்தான் வந்துச்சுங்க, எத்தனைங்க?" என்று ஒரு குரல் கேட்டது. தெரிந்துவிட்டது. நான் நினைத்திருந்ததைவிட வயதானவர். காதோரம் நரை.

"நான் யசோதா," என்றேன்.

பன் எடுத்த கை அப்படியே நின்றது. "என்ன வேணுமுங்க?"

"மன்னிப்புக் கேட்க வந்தேன்."

"ஓனரு பாக்கறாருங்க. ஏதாச்சும் வாங்குங்க."

நாலு பன் வாங்கினேன். பக்கத்தில் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இருக்கட்டும் என்று சொன்னேன்: "நீங்க கேட்ட கேள்வி சரி. படம் பழசு. படத்துல இருக்கற மாதிரி ஓட்டச் சொன்னது நான்தான். அப்புறம் சொல்லலைன்னு பொய் சொன்னதும் நான்தான்."

அவர் பன்னைக் கவரில் போட்டுக்கொண்டே, நிமிராமல் பேசினார். "எனக்கு அப்பவே சந்தேகமுங்க. வேகமா ஓடற சிப்பு, கீழ வெட்டு வருதேன்னு. எழுத்துல வாங்காம ஓட்டக்கூடாதுங்கறது எங்க ரூலு. மறுக்கா போன் பண்ணோணும்னு எடுத்தனுங்க. உங்ககிட்ட எத்தன தடவ வாங்கிக் கட்டியிருக்கேன்! பயந்துட்டு வெச்சுட்டேன். ஓட்டிப்போட்டேன்."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பதினொரு டெசிபல் எங்கிருந்து வந்தது என்று உப்புத்தாள் வைத்துத் தேடினேனே, அது என் வாயிலிருந்து வந்தது.

"யூனிட்டுக்கு வாங்க. அண்ணன்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன்."

"மன்னிப்பெல்லாம் வேண்டாமுங்க. எழுதிக் குடுங்க. நாளைக்கு வேற எடத்துல வேலை கேட்டாலும் காட்டோணும்."

பேக்கரியிலேயே ஒரு தாள் வாங்கி, ஸ்கூட்டி சீட்டின் மேல் வைத்து எழுதிக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். என் கோப்புகளையெல்லாம் எப்படிப் பார்ப்பார் என்று அப்போதுதான் நேரில் பார்த்தேன். விரல் வரிக்கு வரி நகர்ந்தது.

"தேதி இல்லைங்க."

போட்டேன்.

"எந்தப் போர்டுன்னு நம்பர் இல்லைங்க."

எழுதினேன்.

"'தொலைபேசியில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது'ன்னு போட்டிருக்கீங்க. யாரு தப்பாப் புரிஞ்சுக்கிட்டதுங்க?"

அந்த வரியை அடித்துவிட்டு, 'நான் சொன்னேன், பிறகு சொல்லவில்லை என்று மறுத்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "திங்கக்கெழம பாக்கலாமுங்க. வர்றேன்னு சொல்லல," என்றார்.

பன்னை மோகன் தின்றார். எனக்கு வேண்டாம் என்றுவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

பதினொரு மணிக்கு மெயில். சாந்தாமணி! போர்டை நிறுத்தி வைத்திருக்கிறார், பதில் வந்தால்தான் ஓடுமாம். பத்தொன்பது கேள்விகள். இருப்பதோ எட்டு நாள்.

இரத்தம் தலைக்கு ஏறியது. எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். முதல் கேள்வி: போர்டின் ஓரத்தில் லேயர் எண்கள் ஏன் இல்லை? ஒவ்வொரு லேயரிலும் அதன் எண்ணைச் செம்பிலேயே பொறித்து வைப்பது வழக்கம். வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வரிசை தெரிந்துவிடும். பெட்டிக்குள் நுழைய மூன்று மில்லிமீட்டர் குறையுங்கள் என்று சொன்னார்கள், எண்களைத்தான் வெட்டி எறிந்தேன். திருகுத் துளை அருகே மறுபடி வைத்தேன்.

பன்னிரண்டாவது கேள்வியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேபிள் சொருகும் கனெக்டரின் துளைகள் நெருக்கமாக இருப்பதால், ஒவ்வொன்றைச் சுற்றியும் விட்ட இடைவெளி ஒன்றோடொன்று சேர்ந்து, கிரவுண்ட் தகட்டில் நீளமாக ஒரு வெட்டு விழுகிறது. இது வேண்டுமென்றே செய்ததா?

இல்லை. பத்தொன்பது வருஷ அனுபவம், என் கண்ணில் படவே இல்லை. வரிசையைச் சரி செய்து அப்படியே ஓட்டியிருந்தால் 24ஆம் தேதி மறுபடி தோற்றிருப்போம். துளைகளை மாற்றி அமைத்தேன். லேயர்களைப் புதிதாகப் போட வேண்டும், இரண்டு நாள் தள்ளிப்போகும். தாமோதரன் சார் முகத்தைச் சுளித்தார். "போகட்டும் சார். இதை இப்படி அனுப்பமாட்டேன்," என்றேன்.

பத்தொன்பதுக்கும் எழுத்தில் பதில் போட்டேன்.

மார்ச் 21

போர்டுகள் வந்தன. முதலில் ஜன்னலருகே போய் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

மார்ச் 24, செவ்வாய், சென்னை

பாஸ். கோட்டுக்குக் கீழே ஆறு டெசிபல். மூன்று இடத்திலும்.

இர்ஃபான் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாத்ரூமில் போய் முகம் கழுவிவிட்டு முதல் போன் குறிச்சிக்குப் போட்டேன். "அப்படீங்களா, சந்தோசமுங்க. அந்தக் கனெக்டர் பக்கம் எவ்வளவு வந்துச்சுங்க?" என்றார் சாந்தாமணி. சொன்னேன். குறித்துக்கொண்டார்.

ஏப்ரல் 2, வியாழன்

இனிமேல் இர்ஃபான்தான் லீட். தாமோதரன் சார் தன்மையாகத்தான் சொன்னார். நடந்ததை முழுவதும் எழுதி, கருவியை வாங்கும் வாடிக்கையாளருக்கு அனுப்பியதே நான்தான். அதைப் படித்த பிறகு கோப்பில் என் கையெழுத்து இருப்பதை அவர்கள் விரும்பவில்லையாம். இர்ஃபான் என் கண்ணைப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றி எரிந்தது. எரியாமல்? பத்தொன்பது வருஷம்! ஆனால் திரும்ப மார்ச் 12 வந்தால் திரும்பவும் குறிச்சிக்குத்தான் போவேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

மூன்று மணிக்குப் போன் அடித்தது.

"மேடம், இர்பான் சாரோட புதுப் போர்டு வந்திருக்குதுங்க. ஒம்போது கேள்வி கேட்டேன். 'ஓகே, ஓட்டுங்க'ன்னு ஒரே வரி போட்டிருக்காருங்க. நிறுத்தி வெச்சிருக்கேன்."

"சாந்தாமணி, இப்ப பொறுப்பு அவருதுங்க. நான் லீட் இல்லை."

"கேள்விப்பட்டனுங்க. அது உங்க ஆபீஸ் வெவகாரம். நீங்க எழுதிக் குடுத்த தாளு எங்கிட்ட பத்திரமா இருக்குதுங்க. அப்படி எழுதறவங்க பதிலு எனக்கு வேணும். அண்ணங்கிட்டயும் சொல்லிப்போட்டேன், யசோதா மேடம் எழுதினாத்தான் ஓட்டுவேன்னு."

போனை வைத்துவிட்டு இர்ஃபானின் மேஜைக்குப் போய், "அந்த ஒம்பதையும் எனக்கு அனுப்புய்யா," என்றேன். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக் கொடுத்தார்.

எட்டுக்குப் பதில் எழுதினேன். ஆறாவது கேள்விக்கு என்ன சொல்வது என்று உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. 'தெரியவில்லை, பார்த்துவிட்டு நாளை எழுதுகிறேன், அதுவரை ஓட்ட வேண்டாம்' என்று எழுதி அனுப்பினேன்.